தோல் டாக்டர் எழுதிக்கொடுத்தது பிபி மாத்திரை. சாப்பிடலாமா?

கயல்_திருச்சி (ஞாயிறு, இரவு 9.12)

வணக்கம். எனக்கு 34 வயது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வகிடு அகலமாகிக்கொண்டே போகிறது. ஒன்றரை வருடம் தலையில் லோஷன் தடவினேன். பலன் இருந்தது, ஆனால் அரிப்பும் தோல் உரிவதும் தாங்க முடியவில்லை. போன வாரம் டாக்டர் லோஷனை நிறுத்திவிட்டு, மினாக்சிடில் 2.5 மி.கி. மாத்திரையில் பாதி, இரவில், என்று எழுதிக்கொடுத்தார்.

மருந்துக் கடையில் அட்டையை நீட்டும்போதே அந்தத் தம்பி "யாருக்குங்க்கா பிபி?" என்று கேட்டான். வீட்டுக்கு வந்து உள்ளே மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்தால், எடுத்த எடுப்பிலேயே 'கடுமையான உயர் ரத்த அழுத்தத்துக்கு' என்று போட்டிருக்கிறது. எனக்கு எப்போதும் 100/70தான். குனிந்து நிமிர்ந்தாலே சில நாள் கண் இருட்டும். மாத்திரையைத் தொடாமல் பீரோவில் வைத்துவிட்டேன். டாக்டர் தவறி எழுதிவிட்டாரா? அவரிடம் கேட்கவும் சங்கடமாக இருக்கிறது.

நெல்லை_மருந்தாளர் (ஞாயிறு, இரவு 10.05)

தவறி எழுதவில்லை தங்கச்சி. 27 வருடமாக மருந்துக் கடையில் நிற்கிறேன். நான்கைந்து வருடமாகத்தான் இந்தச் சீட்டு அடிக்கடி வருகிறது. வாங்குகிற பாதிப் பேர் நீங்கள் கேட்ட இதே கேள்வியைக் கேட்கிறார்கள்.

மினாக்சிடில் பிறந்ததே பிபி மாத்திரையாகத்தான். அமெரிக்காவில் அப்ஜான் என்ற நிறுவனம் தயாரித்தது. ரத்தக் குழாய்களின் சுவரைத் தளர்த்தி விரிக்கும். மற்ற மாத்திரைகளுக்கு மசியாத பிபியையும் இறக்கும் அளவு வீரியம். 1970-களின் தொடக்கத்தில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, நெற்றியிலும் கன்னத்திலும் கையிலும் முதுகிலும் முடி முளைத்தது. பெண்களுக்கு அது பெரிய வேதனை. அங்கிருந்த கின்டர் கான், பால் கிராண்ட் என்ற இரண்டு மருத்துவர்கள்தான் இதையே தலையில் தடவினால் என்ன என்று யோசித்தார்கள். கரைசலாக்கித் தடவிப் பார்த்தார்கள், முடி வந்தது. அப்புறம் அந்த யோசனை யாருக்குச் சொந்தம் என்று காப்புரிமைச் சண்டை பல வருடம் நடந்தது. 1979-இல் மாத்திரைக்கு அமெரிக்க அனுமதி, 1988-இல் 2 சதவீத லோஷனுக்கு. நீங்கள் ஒன்றரை வருடம் தடவியது அந்த லோஷனின் வாரிசுதான்.

இப்போது அளவைப் பாருங்கள். பிபிக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 40 மி.கி. வரை கொடுப்பார்கள். முடிக்குப் பெண்களுக்குக் கால் மி.கி.யிலிருந்து 2.5 மி.கி.க்குள். உங்களுக்கு எழுதியது 1.25. அதனால் எல்லாருக்கும் பிபி இறங்கிவிடாது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. எதற்காகச் சாப்பிடுகிறோம் என்பது மாத்திரைக்குத் தெரியாது. முடிக்காக விழுங்கினாலும் ரத்தக் குழாயை அது தொடத்தான் செய்யும். கணுக்கால் வீங்குகிறதா, படபடப்பு வருகிறதா, ஒரே வாரத்தில் எடை ஒன்றிரண்டு கிலோ ஏறுகிறதா என்று பாருங்கள். உங்களுக்கு 100/70 என்பதையும் கண் இருட்டுவதையும் டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால், சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். சங்கடப்பட இதில் ஒன்றுமே இல்லை.

முதல் ஒன்றரை மாதம் முடி இன்னும் கொட்டலாம். பழைய முடியைத் தள்ளிக்கொண்டு புது முடி வருவதால் அப்படி. பயந்து நிறுத்திவிடாதீர்கள். கன்னத்தில் பூனைமுடி கொஞ்சம் அடர்த்தியாகலாம். அதையும் முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது.

செங்கை_சிவா (ஞாயிறு, இரவு 10.31)

அண்ணாச்சி, விளக்கத்துக்கு நன்றி. ஆனால் எனக்கு இது நெருடுகிறது. அட்டையோடு வரும் தாளில் முடி பற்றி மருந்தாக ஒரு வார்த்தை இல்லை, பக்க விளைவாகத்தான் இருக்கிறது. அனுமதி பெறாத காரணத்துக்கு ஒரு மருந்தைக் கொடுப்பது நம்மைச் சோதனை எலியாக்குவது ஆகாதா? நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?

நெல்லை_மருந்தாளர் (ஞாயிறு, இரவு 11.20)

சிவா தம்பி, நியாயமான கேள்வி. என் கடையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

மூன்று வருடம் முன்னால், மழை நாள். இளம் தகப்பன் ஒருவர் சீட்டோடு வந்தார். பச்சைக் குழந்தைக்கு, பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் அழுத்தம் அதிகம் என்று பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அன்றைக்குத்தான் அனுப்பியிருந்தார்கள். சீட்டில் சில்டெனாஃபில். மாத்திரையைப் பொடித்துச் சின்னச் சின்னப் பொட்டலமாகத் தரச் சொல்லி எழுதியிருந்தது. நான் எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் செல்போனில் பெயரைத் தேடிவிட்டார். முகம் இருண்டுவிட்டது. "வயாகராவை என் பிள்ளைக்கா கொடுக்கச் சொல்றாங்க?" என்று கத்தினார். கடையில் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கை நடுங்கியது.

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். அந்த மருந்தை முதலில் தேடியது நெஞ்சுவலிக்குத்தான். இங்கிலாந்தில் சாண்ட்விச் என்ற ஊரில் ஃபைசர் நிறுவனத்தின் ஆய்வகத்தில். இதயக் குழாயை விரிக்கும் என்று எதிர்பார்த்தார்கள், அதில் பெரிய பலன் இல்லை. சோதனையில் சேர்ந்திருந்த ஆண்கள் சொன்ன 'பக்க விளைவு' வேறு பாதையைத் திறந்தது. 1998-இல் அந்தப் பெயரில் கடைக்கு வந்து உலகப் புகழ் பெற்றது. அது தடுக்கிற நொதி நுரையீரல் ரத்தக் குழாய்களிலும் நிறைய இருக்கிறது. அதனால் நுரையீரல் அழுத்தத்துக்கும் வேலை செய்தது, 2005-இல் பெரியவர்களுக்கு அதற்கென்றே தனி அனுமதியும் கிடைத்தது. உங்கள் பிள்ளைக்கு மூச்சு விடச் சுலபமாக்கத்தான் கொடுத்திருக்கிறார்கள், அவமானமாக நினைக்காதீர்கள் என்றேன். பொட்டலங்களை எண்ணி வாங்கிக்கொண்டு போனார். அடுத்த மாதம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

பொறுப்பு யாருக்கு என்று கேட்டீர்கள். தாளில் இல்லாத பயனுக்கு எழுதுகிற டாக்டருக்குச் சாதாரணத்தைவிட அதிகப் பொறுப்பு. ஏன் இதை எழுதுகிறேன், எதைக் கவனிக்க வேண்டும் என்று இரண்டு நிமிடம் சொல்ல வேண்டியது அவர் கடமை. கயல் தங்கச்சிக்கும் அந்தத் தகப்பனுக்கும் கிடைக்காமல் போனது அந்த இரண்டு நிமிடம்தான். என் ஆதங்கம் மருந்தின் மேல் இல்லை, சொல்லாமல் விடுவதன் மேல்.

வல்வை_மைந்தன் (திங்கள், காலை 6.48)

இதே பிரச்சினை எங்கள் வீட்டிலும் நடந்தது. அம்மாவுக்கு அக்கி வந்து, கொப்புளம் எல்லாம் காய்ந்து மாறிய பிறகும் விலாப் பக்கம் எரிவு நிற்கவில்லை. சட்டைத் துணி பட்டாலே துடித்துப்போவா. இரவில் நித்திரை இல்லை. வைத்தியர் அமிட்ரிப்டிலின் 10 மி.கி. குளிசை இரவுக்கு ஒன்று தந்தார். பாமசியில் வாங்கி வந்த அன்றே பக்கத்து வீட்டு அன்ரி பார்த்துவிட்டு, "இது விசர்க் குளிசையெல்லோ" என்று சொல்லிவிட்டா. அம்மா அழுதுகொண்டு குளிசையைத் தலையணைக்குக் கீழே ஒளித்து வைத்துக்கொண்டா. மூன்று கிழமை எரிவோடேயே கிடந்தா. நான் விடுமுறைக்குப் போனபோதுதான் தெரியவந்தது.

மனச்சோர்வுக்கு வந்த மருந்துதான். அதற்கு 75, 100 மி.கி. என்று போகும். 10 மி.கி.யில் நரம்பு வலியின் சமிக்ஞையை மட்டுப்படுத்துகிறது, கூடவே நித்திரையும் வருகிறது என்று வைத்தியர் தொலைபேசியிலேயே விளங்கப்படுத்தினார். அம்மா எடுக்கத் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு நாளில் எரிவு பாதியாகியது. வாய் உலர்வு மட்டும் இருந்தது, எலுமிச்சம் துண்டு ஒன்றை வைத்துக்கொள்ளுவா.

வார்டு_செவிலி (திங்கள், காலை 7.30)

வல்வை அண்ணா, அந்த வாய் உலர்வைப் பற்றி ஒன்று. தசைகளை இயக்கும் நரம்புகள் செயலிழக்கும் நோயில் எச்சிலை விழுங்க முடியாமல் நாள் முழுக்க வழிந்துகொண்டே இருக்கும் நோயாளிகளுக்கு, அந்த உலர்வுக்காகவே இதே மருந்தைக் கொடுப்போம். உங்கள் அம்மாவுக்குத் தொந்தரவாக இருந்தது அவர்களுக்கு நிம்மதி. வயதானவர்கள் என்றால் இரவில் எழும்போது தள்ளாட்டம் வரும், மெதுவாக உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். சிறுநீர் கழிக்கச் சிரமம் வந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

கயல்_திருச்சி (திங்கள், காலை 8.02)

என் அத்தைக்குக் கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து போட ஆரம்பித்த பிறகு இமைமுடி நீளமாகி மை போட்ட மாதிரி ஆனது. நாங்கள் எல்லாரும் கண் பட்டுவிடும் என்று சொல்வோம். அதுவும் இப்படித்தானா?

நெல்லை_மருந்தாளர் (திங்கள், காலை 8.40)

ஆமாம். பைமட்டோப்ரோஸ்ட் வகைச் சொட்டு மருந்தாக இருக்கும். 2008-இல் அமெரிக்காவில் இமைமுடிக்கென்றே அதற்குத் தனி அனுமதி கொடுத்தார்கள். ஆனால் அழகுக்காக யாரும் அத்தையின் பாட்டிலை எடுத்துப் போட வேண்டாம். கண்மணியைச் சுற்றியுள்ள நிறப் பகுதி நிரந்தரமாகக் கருத்துவிடலாம்.

இன்னொன்று, நம் வீடுகளில் தினமும் இருப்பது. அப்பா அம்மா சாப்பிடும் சுகர் மாத்திரை, கிளிமிபிரைடு மாதிரியானவை. அந்தக் குடும்பமே ஒரு பக்க விளைவிலிருந்து வந்தது. 1942, இரண்டாம் உலகப் போர்க் காலம். பிரான்ஸில் மோன்பெலியே நகரில் டைபாய்டு காய்ச்சலுக்கு ஒரு புது சல்பா மருந்தைக் கொடுத்துப் பார்த்தார் ஜான்போன் என்ற மருத்துவர். காய்ச்சல் நோயாளிகள் சிலர் வியர்த்துக் கொட்டி, வலிப்பு வந்து, நினைவிழந்தார்கள். இறந்தவர்களும் உண்டு. சோதித்தால் ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கியிருந்தது. அதே ஊர் லூபத்தியே என்ற உடலியல் ஆய்வாளர் அந்த மருந்தை நாய்களுக்குக் கொடுத்தார். கணையம் உள்ள நாய்க்குச் சர்க்கரை இறங்கியது, கணையத்தை எடுத்துவிட்ட நாய்க்கு இறங்கவில்லை. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது என்று பிடிபட்டது. 1950-களில் அந்த வழியில் சுகர் மாத்திரைகள் வந்தன.

அன்றைக்கு அந்த டைபாய்டு நோயாளிகளைக் கொன்றது எதுவோ, அது இன்றும் இந்த மாத்திரைக்குள்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விரதம் என்று காலையில் ஒன்றும் சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டுக் கோயிலுக்குப் போய், கொடிமரத்தடியில் மயங்கி விழுந்த ஒரு அம்மாவை ஆட்டோவில் ஏற்றிவிட்டிருக்கிறேன். விரதம் என்றால் மாத்திரையை என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

பெயர்_வேண்டாம் (திங்கள், மதியம் 1.15)

படித்துக்கொண்டே வந்தேன். கேட்கலாமா என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரர் தினமும் குடிக்கிறார். மாமியார் யாரிடமோ சொல்லி ஒரு மாத்திரை வாங்கி வந்திருக்கிறார். பொடித்து சாம்பாரில் கலந்து கொடுத்தால் குடித்தாலே குமட்டும், தானாக விட்டுவிடுவார் என்கிறார். அவருக்குத் தெரியக் கூடாதாம். அட்டையில் டைசல்ஃபிராம் 250 என்று இருக்கிறது. கொடுக்கலாமா?

வார்டு_செவிலி (திங்கள், மதியம் 1.22)

கொடுக்காதீர்கள் அம்மா. தயவுசெய்து கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? அதை முதலில் சொல்லுங்கள்.

பெயர்_வேண்டாம் (திங்கள், மதியம் 1.25)

இல்லை. அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறது. இன்றைக்கு ராத்திரி போடலாம் என்று சொன்னார்கள்.

வார்டு_செவிலி (திங்கள், மதியம் 2.10)

நல்லவேளை. டியூட்டியில் இருக்கிறேன், அதனால் தாமதம். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

குடியை விட வைக்கும் சிகிச்சை வார்டில் ஆறு வருடம் இருந்தவள் நான். இந்த மாத்திரையும் பக்க விளைவிலிருந்து வந்ததுதான். இதோடு உறவுள்ள ரசாயனங்களை ரப்பரைப் பதப்படுத்தப் பயன்படுத்துவார்கள். அந்த வேலை செய்தவர்களுக்குச் சாராயம் ஒத்துக்கொள்வதில்லை என்று 1937-லேயே ஒரு அமெரிக்க மருத்துவர் எழுதியிருந்தார். பத்து வருடம் கழித்து டென்மார்க்கில் ஹால்ட், யாக்கோப்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் குடல் புழுக்களுக்கு மருந்தாக்க முடியுமா என்று பார்த்தார்கள். நோயாளிக்குக் கொடுக்கும் முன் தாங்களே விழுங்கினார்கள். அதன்பிறகு கொஞ்சம் மது குடித்தாலே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டியது. அதிலிருந்து 1948-இல் குடிக்கு மருந்தாக வெளியே வந்தது.

சாராயம் ஈரலில் உடையும்போது நடுவில் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சு உண்டாகும். உடம்பு அதை உடனே கழித்துவிடும். இந்த மாத்திரை அந்தக் கழிவை அடைத்துவிடுகிறது. குடித்த பத்து, இருபது நிமிடத்தில் நஞ்சு ஏறும். தலை இடிக்கும், வாந்தி வரும், பிபி இறங்கும். இதயத்தில் கோளாறு இருப்பவர் இறந்தே போகலாம். மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. அதனால்தான் கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆன பிறகு, ஈரலும் இதயமும் பார்த்து, நோயாளியிடமே எல்லாம் சொல்லி, அவர் சம்மதத்தோடு ஆரம்பிப்போம். சாராயம் கலந்த இருமல் மருந்துகூடக் கூடாது என்று எச்சரிப்போம்.

உங்கள் வீட்டுக்காரர் தினமும் குடிப்பவர். தெரியாமல் கொடுத்தால் அன்றைக்கே குடிப்பார். குமட்டல் எதனால் என்று தெரியாததால், அது அடங்கட்டும் என்று இன்னும் குடிப்பார். அப்படிக் கொண்டுவந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். சட்டையெல்லாம் வாந்தி, கழுத்துவரை செக்கச்செவேல் என்று சிவந்திருந்தது, நாடி கிடைக்கவே இல்லை. மனைவி வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டார், நல்லதுக்குத்தான் செய்தேன் என்று. அவர் பிழைத்துக்கொண்டார். எல்லாரும் பிழைப்பதில்லை.

உங்கள் மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். வேறு வழி தெரியாமல்தான் செய்கிறார். 14416-க்குப் போன் போடுங்கள், அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள். அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் எங்கே போக வேண்டும் என்று வழிகாட்டுவார்கள். ஒன்று மட்டும், பல வருடமாகத் தினமும் குடிப்பவரைத் திடீரென்று நிறுத்தவும் வைக்காதீர்கள். வலிப்பு வரலாம். அதையும் டாக்டர் பார்வையில்தான் செய்ய வேண்டும்.

மதுரை_வாசு (திங்கள், இரவு 8.20)

சிவா அண்ணன் கேட்ட 'யார் பொறுப்பு' என்பதற்கு என் வீட்டு அனுபவம்.

அப்பாவுக்கு மல்டிபிள் மைலோமா, எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோய். அவருக்கு எழுதிய மருந்துகளில் ஒன்று தாலிடோமைடு. பெயரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1957-இல் ஜெர்மனியில் தூக்க மாத்திரையாக வந்து, மசக்கை வாந்திக்குச் சாப்பிட்ட தாய்மார்களுக்கு 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைபாட்டோடு பிறந்து, 1961-இல் திரும்பப் பெறப்பட்ட அதே மருந்து. அதை எப்படி விட்டுவைத்தார்கள்?

டாக்டர் நேரம் ஒதுக்கிச் சொன்னார். 1964-இல் ஜெருசலேமில் ஷெஸ்கின் என்ற தொழுநோய் மருத்துவர், புண்ணும் வலியுமாகப் பல நாள் தூங்காத ஒரு நோயாளிக்குத் தூக்கத்துக்காக மட்டும் இதைக் கொடுத்தார். நோயாளி தூங்கினார், புண்களும் ஆற ஆரம்பித்தன. 1998-இல் தொழுநோயின் அந்தப் புண்களுக்கும், 2006-இல் மைலோமாவுக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2010-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்த மருந்து உடம்பில் எதைப் பிடிக்கிறது என்று கண்டுபிடித்தார்கள், செரிப்ளான் என்ற புரதம். கருவின் கை கால் வளர்ச்சியைக் கெடுத்ததும் புற்று செல்லைச் சாகடிப்பதும் அதே பிடிதான்.

என் மனைவி அப்போது நாலு மாதம். மாத்திரை வாங்கும்போதே எங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். மனைவி அந்த டப்பாவைத் தொடக்கூடக் கூடாது. நான் கையுறை போட்டுத்தான் எடுத்துக் கொடுப்பேன். மீதமாகிற மாத்திரையைக் குப்பையில் போடக் கூடாது, எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். தூக்கம் வரும் என்பதால் இரவில்தான். ஒரு காலத்தில் எதற்காக விற்றார்களோ, அந்தத் தூக்கம் இப்போது பக்க விளைவுப் பட்டியலில் இருக்கிறது. அப்பாவுக்குப் பாதம் மரத்துப்போனது, அதனால் அளவைக் குறைத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கூடவே ஆஸ்பிரினும். பையன் நல்லபடியாகப் பிறந்தான். அப்பா அவனை இரண்டு வருடம் தூக்கிக் கொஞ்சினார்.

செங்கை_சிவா (திங்கள், இரவு 9.05)

வாசு, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். நான் கேட்டது அனுமதிக் கடிதம் இருக்கிறதா இல்லையா என்று. நீங்கள் காட்டியது கையெழுத்து, கையுறை, எண்ணிக் கொடுத்தல், அளவைக் குறைத்தல். பொறுப்பு என்பது அந்த வேலையில் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் ஊர்க் கடைகளில் அது எங்கே நடக்கிறது? என் தங்கை கல்யாணத்துக்கு முன்னால் 'உடம்பு ஏற' என்று சீட்டே இல்லாமல் இரண்டு வகை மாத்திரை கொடுத்தார்கள்.

நெல்லை_மருந்தாளர் (திங்கள், இரவு 9.50)

ஒன்று சைப்ரோஹெப்டாடினாக இருக்கும். அலர்ஜி மாத்திரை, பசியைக் கிளப்பும். இன்னொன்று டெக்சாமெத்தசோனாக இருந்தால்தான் பயம். அது ஸ்டீராய்டு. முகம் உப்புவதைப் பூரிப்பு என்று நினைத்துச் சாப்பிடுவார்கள். வாரக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால், உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும். பிபி விழுந்து ஆளே சாயலாம். தங்கை இன்னும் சாப்பிடுகிறாரென்றால் தானாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் காட்டிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். எங்கள் தொழிலில் சிலர் இதைச் செய்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வேதனை. கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதில் வாடிக்கையாளர்களை இழந்திருக்கிறேன். அந்த இழப்பு எனக்குப் பெரிதாகப் படவில்லை.

பெயர்_வேண்டாம் (செவ்வாய், காலை 11.30)

சிஸ்டர், அந்த எண்ணில் பேசினேன். வியாழக்கிழமை அரசு மருத்துவமனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அவரிடம் நேற்று ராத்திரியே சொல்லிவிட்டேன், மாமியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. கோபப்பட்டார். அப்புறம் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, வருகிறேன் என்றார். அட்டையை எடுத்துப்போய் அங்கேயே கொடுத்துவிடுகிறேன்.

கயல்_திருச்சி (வெள்ளி, மாலை 6.15)

டாக்டரைப் போய்ப் பார்த்தேன். கண் இருட்டுவதைச் சொன்னதும் உட்கார வைத்து ஒரு முறை, நிற்க வைத்து ஒரு முறை பிபி பார்த்தார், இசிஜி எடுத்தார். கால் மாத்திரையில் ஆரம்பித்து ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். இதையெல்லாம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று அவரே வருத்தப்பட்டார். பழைய லோஷன் அரை பாட்டில் மீதம் இருக்கிறது, தங்கைக்குக் கொடுத்துவிடலாமா?

வார்டு_செவிலி (வெள்ளி, மாலை 6.40)

தங்கை அவருடைய டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும். அவர் வீட்டில் பூனை இருக்கிறதா? அந்த லோஷன் பூனைக்குக் கடும் விஷம். தலையணையில் ஒட்டியதை நக்கினாலே இதயம் பாதிக்கப்பட்டு உயிரே போகலாம்.

கயல்_திருச்சி (வெள்ளி, மாலை 6.44)

தங்கை வீட்டில் இல்லை, எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. ராத்திரி என் தலைமாட்டில்தான் படுக்கும். தலையணை உறையை இப்போதே கழற்றிப் போட்டுவிட்டேன். பாட்டிலை என்ன செய்வது?

நெல்லை_மருந்தாளர் (வெள்ளி, மாலை 7.02)

மூடியை இறுக்கி, இரண்டு பாலித்தீன் உறையில் போட்டு, உங்கள் மருந்துக் கடையில் வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். வாங்க மாட்டோம் என்றால் வேறு வழி கிடைக்கும்வரை பீரோவில் பூட்டி வையுங்கள். மெத்தை விரிப்பையும் துவைத்துவிடுங்கள்.